பன்னிரண்டு பெயர்கள் மார்பின் மேல்: ஆரோனின் மார்ப்பதக்கத்தை வெள்ளியில் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

வேதாகமத்தில் யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அது ஒரு பட்டறைக்கு எழுதிக் கொடுத்த ஆர்டர் சீட்டு மாதிரியே இருக்கும். அளவு ஒரு சாண், வடிவம் சதுரம், துணி இரட்டை மடிப்பு, கற்கள் நான்கு வரிசை, வரிசைக்கு மூன்று, வளையம் எந்த மூலையில், சங்கிலியை எப்படிப் பின்ன வேண்டும், எந்த நிற நாடாவால் கட்ட வேண்டும் என்று எல்லாமே அதில் இருக்கிறது. எபிரெயத்தில் இதற்கு ஹோஷென் என்று பெயர். தமிழ் வேதாகமத்தில் மார்ப்பதக்கம். இஸ்ரவேலின் பிரதான ஆசாரியன், முதலில் ஆரோன், ஏபோத் என்ற மேலுடையின் மேல், நெஞ்சுக்கு நேராகக் கட்டிக்கொண்டது.

நான் வெள்ளியில் சின்ன அளவில் நகை செய்பவள். இந்தப் பதக்கத்தை இதுவரை நான்கு முறை செய்திருக்கிறேன், முதல் இரண்டும் சரியாக வரவில்லை. ஏன் வரவில்லை என்பதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் கடையில் விற்கிற பல பதக்கங்களிலும் அதே தவறுகளைத்தான் பார்க்கிறேன். நீங்களே செய்யப் போவதில்லை, வாங்கத்தான் போகிறீர்கள் என்றாலும் இதைப் படித்துவிட்டுப் போனால் எதைப் பார்த்து வாங்குவது என்று தெரியும்.

முதலில்: இது ராசிக்கல் இல்லை

பன்னிரண்டு கல் என்றதும் நம் ஆட்களுக்கு உடனே ராசி நினைவுக்கு வரும். அந்த எண்ணம் புதிதில்லை. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், அவரே ஆசாரியக் குடும்பத்துக்காரர், இந்தக் கற்களைப் பன்னிரண்டு மாதங்களோடும் ராசிமண்டலத்தோடும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். பின்னால் ஐரோப்பாவில் அது மாதத்துக்கொரு கல் என்று வளர்ந்து, 1912இல் அமெரிக்க நகை வியாபாரிகள் உட்கார்ந்து ஒரு பட்டியலை முடிவு செய்தார்கள். இன்று பிறந்த மாதக் கல் என்று விற்பது பெரும்பாலும் அந்தப் பட்டியலின் வழியில் வந்ததுதான்.

ஆனால் மூலத்தில் காரணம் வேறு. ஒவ்வொரு கல்லிலும் இஸ்ரவேலின் ஒரு கோத்திரத்தின் பெயர் வெட்டப்பட்டிருக்க வேண்டும், ஆரோன் பரிசுத்த இடத்துக்குள் போகும்போது அந்தப் பெயர்களைத் தன் இருதயத்தின் மேல் சுமந்துகொண்டு போக வேண்டும் என்று 29ஆம் வசனம் சொல்கிறது. உள்ளே போவது ஒரு ஆள், கூடவே போவது பன்னிரண்டு பெயர். அதனால்தான் என் கணக்கில் பெயர் இல்லாத மார்ப்பதக்கம் வெறும் கலர் கல் பதக்கம். கல்லைத் தேடிப் போவதற்கு முன்னால் பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பெயர் வரிசையை முடிவு செய்வது

எந்தக் கல்லில் எந்தப் பெயர் என்று யாத்திராகமம் தனித்தனியாகச் சொல்லவில்லை, அதனால் யூத மரபிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் உண்டு. ஒன்று பிறந்த வரிசை: ரூபன், சிமியோன், லேவி, யூதா, தாண், நப்தலி, காத், ஆசேர், இசக்கார், செபுலோன், யோசேப்பு, பென்யமீன். இன்னொன்றில் யாக்கோபின் முதல் மனைவி லேயாளின் ஆறு பிள்ளைகளும் முதலில் வந்துவிடுவார்கள். எண்ணாகமத்துக்கான மித்ராஷ் என்ற பழைய யூத விளக்கநூலில் இந்த இரண்டாவது முறைதான் இருக்கிறது, அதில் ஒவ்வொரு கோத்திரத்துக்கும் கல், கொடியின் நிறம், கொடியில் இருந்த சின்னம் மூன்றையும் சேர்த்துச் சொல்கிறார்கள். நான் அதைத்தான் பின்பற்றுகிறேன், ஏனென்றால் நிறத்தைத் தேர்ந்தெடுக்க அது நேரடியாக உதவுகிறது.

இரண்டில் எதையும் எடுங்கள், கலக்காதீர்கள். லேவியும் யோசேப்பும் இருக்கிற பட்டியலில் யோசேப்பின் மகன்கள் எப்பிராயீம், மனாசே என்று தனித்தனியாக வராது. அவர்கள் இருவரும் வரும் பட்டியல் பாளையம் இறங்கும் வரிசை, அதில் லேவி இருக்க மாட்டார்.

அப்புறம், எபிரெயம் வலமிருந்து இடம் போகும் மொழி. அதனால் எதிரே நின்று பார்ப்பவரின் வலது மேல் மூலையில் முதல் கல். இடது பக்கமிருந்து ஆரம்பித்துவிட்டால் எல்லா வரிசையும் தலைகீழாகப் போய்விடும்.

படி 2: கற்களைத் தேர்ந்தெடுப்பது

கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இந்த வேலையின் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது.

தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் கற்களின் பெயர் இப்படி வரும்: பத்மராகம், புஷ்பராகம், மாணிக்கம், மரகதம், இந்திரநீலம், வச்சிரம், கெம்பு, வைடூரியம், சுகந்தி, படிகப்பச்சை, கோமேதகம், யஸ்பி. படிக்க அழகாக இருக்கும். ஆனால் இதை அப்படியே நகைக்கடைக்குக் கொண்டுபோனால் நவரத்தின செட்டோடுதான் திரும்பி வருவீர்கள், அது சரியான பதக்கமாகாது. பழங்காலக் கல்லின் பெயரும் இன்றைய கல்லின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

சப்பீர் என்ற ஐந்தாவது கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சஃபையர் என்ற சொல் அதோடு உறவுள்ளது, தமிழிலும் இந்திரநீலம் என்று போட்டார்கள். ஆனால் கிரேக்க, ரோம ஆசிரியர்கள் இந்தக் கல்லை வருணிக்கும்போது உள்ளே பொன் துளிகள் தெரியும் என்கிறார்கள். நீலக்கல்லில் அப்படி இருக்காது. அது லாபிஸ் லசூலி, உள்ளே மின்னுவது பைரைட். ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளிலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மேற்கே போய்க்கொண்டிருந்த கல்.

இரண்டாவது கல் பித்தா. புஷ்பராகம் என்றால் மஞ்சள். மித்ராஷோ சிமியோனின் நிறம் பச்சை என்கிறது. கிரேக்கத்தில் இந்தக் கல்லை தோபாசியோன் என்று மொழிபெயர்த்தார்கள், அந்தப் பெயர் பழங்காலத்தில் செங்கடலில் எகிப்துப் பக்கம் உள்ள ஒரு தீவிலிருந்து வந்த பச்சைக் கல்லுக்கு உரியது. இன்று அதைப் பெரிடாட் என்கிறோம். மித்ராஷும் கிரேக்க மொழிபெயர்ப்பும் இங்கே ஒரே இடத்தில் வந்து சேர்வதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

மூன்றாவது கல்லின் பெயர் பாரெகெத். மரகதம் என்ற சொல்லும் இதுவும் ஒரே சொற்குடும்பம், கிரேக்கத்தின் ஸ்மராக்தோஸும் அதே குடும்பம்தான். ஆனால் தமிழ் வேதாகமத்தில் மரகதம் நான்காவது இடத்தில் நிற்கிறது, 1611 ஆங்கில மொழிபெயர்ப்பின் வரிசையும் அப்படியே இருக்கும். சொந்தக்காரப் பெயர் பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

வச்சிரம் என்ற ஆறாவது கல் யாகலோம். இன்றைய எபிரெயத்தில் அதற்கு வைரம் என்றே பொருள். ஆனால் அந்தக் காலத்தில் வைரத்தில் பெயர் வெட்ட வழியில்லை, அதனால் வைரமாக இருக்க முடியாது. மித்ராஷ் செபுலோனுக்கு வெள்ளை நிறம், கொடியில் கப்பல் என்கிறது. ஸ்படிகம் போடுங்கள்.

என் தேர்வு, மித்ராஷ் வரிசைப்படி, இப்படி வருகிறது. முதல் வரிசை: ரூபனுக்கு சிவப்புக் கார்னீலியன் (ஓதெம் என்ற பெயரிலேயே சிவப்பு இருக்கிறது), சிமியோனுக்கு பெரிடாட், லேவிக்கு கலங்கலான, விலை குறைந்த மரகதம். இரண்டாவது: யூதாவுக்கு டர்காய்ஸ், இசக்காருக்கு லாபிஸ், செபுலோனுக்கு ஸ்படிகம். மூன்றாவது: தாணுக்கு கோமேதகம், காத்துக்கு வரி ஓடிய சாம்பல் அகேட், நப்தலிக்கு வெளிறிய அமெதிஸ்ட். நான்காவது: ஆசேருக்கு மஞ்சள் சிட்ரின், யோசேப்புக்கு கறுப்பு ஓனிக்ஸ், பென்யமீனுக்கு பல நிறம் கலந்த ஜாஸ்பர். நப்தலியின் நிறத்தை மித்ராஷ் தெளிந்த திராட்சரசம், சிவப்பு தூக்கலாக இல்லாதது என்று சொல்கிறது, அதனால் கடைக்காரர் அடர் ஊதாவை எடுத்து நீட்டினாலும் வெளிறியதையே கேளுங்கள். பென்யமீனின் கொடியில் பன்னிரண்டு நிறமும் இருந்ததாம், கலப்பு ஜாஸ்பருக்கு அதுவே போதுமான காரணம்.

லேவிக்கு மித்ராஷ் வெள்ளை, கறுப்பு, சிவப்பு மூன்றும் கலந்த நிறம் சொல்கிறது, நான் சொல்லின் வேரைப் பார்த்துப் பச்சைக்குப் போனேன். தாணுக்கு சப்பீர் போன்ற நிறம் என்கிறது, நான் கிரேக்க மொழிபெயர்ப்பைப் பின்பற்றும் பழைய ஆரஞ்சு நிற மரபை எடுத்தேன். உங்களுக்கு மித்ராஷ்தான் சரி என்று பட்டால் மூவண்ண அகேட்டும் நீல நிறக் கல்லும் போடலாம், யாரும் தப்புச் சொல்ல முடியாது.

படி 3: அளவு, வரைபடம்

என் முதல் பதக்கம் இங்கேதான் கெட்டது. 5 மி.மீ. வட்டக் கற்கள் வாங்கி மூன்றுக்கு நான்காக அடுக்கினேன். அகலத்தில் மூன்று, உயரத்தில் நான்கு, அதனால் பதக்கம் நீளமாகக் கதவு மாதிரி வந்துவிட்டது. மூலத்தில் சதுரம் என்று தெளிவாக இருக்கும்போது அதை விட்டுவிட மனம் வரவில்லை.

தீர்வு எளிது. 6×4 மி.மீ. நீள்வட்டக் கற்களை வாங்கிப் படுக்கை வசமாக வையுங்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அகலத்தில் மூன்று கல், 18 மி.மீ.; கல்லைப் பிடிக்கும் கூட்டின் சுவருக்கு ஒரு கல்லுக்கு 0.8 வீதம் 2.4, இரண்டு இடைவெளிக்கு 1.5 வீதம் 3. ஓரத்துக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 4. மொத்தம் 27.4. உயரத்தில் நான்கு கல், 16, சுவருக்கு 3.2, மூன்று இடைவெளிக்கு 4.5, ஓரத்துக்கு 4. மொத்தம் 27.7. தகட்டை 28 மி.மீ. சதுரமாக வெட்டிவிட்டால் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. 6×4 எல்லாக் கல் கடையிலும் கிடைக்கிற அளவுதான். பட்டை தீட்டாத, மேலே வழவழப்பாக உருண்ட கல்லாகக் கேளுங்கள், அந்தக் கால வெட்டுக்கு அதுதான் நெருக்கம்.

வரைபடத்தை உண்மையான அளவில் காகிதத்தில் வரைந்து, கற்களை அதன் மேல் அடுக்கி ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் பார்க்கும்போது எந்தக் கல் நிறத்தில் ஒத்துப்போகவில்லை என்று தானாகத் தெரியும்.

படி 4: தகடும் கூடும்

0.8 மி.மீ. ஸ்டெர்லிங் வெள்ளித் தகடு, 28 மி.மீ. சதுரம், கிட்டத்தட்ட ஆறரை கிராம் வரும். கூட்டுக்கு 0.3 மி.மீ. கனமுள்ள சுத்த வெள்ளிப் பட்டை. ஒரு கல்லுக்கு 17 மி.மீ. நீளம் வேண்டும், பன்னிரண்டுக்கு 20 செ.மீ.க்கு மேல் ஆகும், சேதாரம் போக 25 செ.மீ. வாங்குங்கள். பட்டையைக் கல்லைச் சுற்றி வளைத்து, முனைகள் ஒளி நுழையாதபடி சேர்ந்த பிறகே வெண்காரம் பூசிப் பற்றவையுங்கள். கல்லின் மேல் மூன்றில் ஒரு பங்கு கூட்டுக்கு வெளியே தெரிய வேண்டும், பட்டை அதற்கு மேல் உயர்ந்தால் அரத்தால் குறைத்துவிடுங்கள்.

பன்னிரண்டையும் ஒரே மூச்சில் தகட்டில் பற்றவைப்பதுதான் நல்லது. ஒவ்வொன்றாகச் சூடாக்கினால் முன்னால் வைத்தது நகரும். உயர்ந்த சூட்டில் உருகும் பற்றவைப்புப் பொடியைக் கூட்டின் மூட்டுக்கும், நடுத்தரத்தைத் தகட்டுக்கும், தாழ்ந்ததை வளையங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தகட்டைக் கீழிருந்து மெதுவாகச் சூடாக்குங்கள், மேலே நெருப்பைக் காட்டினால் மெல்லிய கூடு தகட்டுக்கு முன்னால் உருகிவிடும்.

வளையங்கள் எங்கே என்பது முக்கியம். பல பதக்கங்களில் நடுவில் ஒரே ஒரு கொக்கி இருக்கிறது. மூலத்தில் மேலே இரண்டு மூலையிலும் ஒவ்வொரு வளையம், அதிலிருந்து இரண்டு சங்கிலி தோளுக்குப் போகிறது. கீழே உள்பக்கம் இரண்டு வளையம், நீல நாடாவுக்கு. இந்த நான்கையும் வைத்துப் பாருங்கள், பதக்கம் திரும்பாமல் நெஞ்சில் படிந்து நிற்கும். மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய யோசனை இன்றைக்கும் வேலை செய்கிறது.

படி 5: பெயர்களை வெட்டுவது

கற்களில் பெயர் வெட்டியது வெறும் மையாலும் இல்லை, உளியாலும் இல்லை என்கிறது யூதர்களின் பழைய சட்டநூலான தல்முத். மையால் எழுதி, ஷாமீர் என்ற புழுவை வெளியிலிருந்து காட்டினால் கோடை வெயிலில் அத்திப்பழம் வெடிப்பது போலக் கல் தானாகப் பிளந்துகொள்ளுமாம், தூசியளவு கல்லும் குறையாமல். அந்த உவமை எனக்கு மிகவும் பிடித்தது, நல்ல செதுக்கு வேலை பார்க்கும்போது உண்மையிலேயே அப்படித்தான் தோன்றும்.

6 மி.மீ. கல்லில் தாண், காத் இரண்டும் வெட்டலாம், எபிரெயத்தில் இரண்டே எழுத்து. இசக்கார் ஐந்து எழுத்து, ஒரு எழுத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட மிஞ்சாது. அதனால் நான் கற்களை வெறுமையாக விட்டு, தகட்டின் பின்பக்கம், அந்தந்தக் கல்லுக்கு நேர் பின்னால் பெயரை வெட்டச் சொல்கிறேன். அப்போது பெயர்கள் போடுகிறவரின் நெஞ்சைத் தொட்டபடி இருக்கும். பின்பக்கம் திருப்பும்போது வலது இடதாகும், அதை மறக்காமல் வரிசையை மாற்றுங்கள்.

இரண்டாவது பதக்கம் கெட்டது இங்கே. லேசர் வெட்டும் ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் கம்ப்யூட்டரில் எபிரெய எழுத்துகள் இடமிருந்து வலமாக அடுக்கிக்கொண்டன, பன்னிரண்டு பெயரும் பின்னாலிருந்து முன்னால் வந்தன. எழுத்து ஒவ்வொன்றும் சரி, சொல் ஒன்றும் சரியில்லை. எபிரெயம் தெரியாதவர்களும் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: ரூபன், சிமியோன், செபுலோன், தாண், பென்யமீன் ஐந்தும் சொல்லின் கடைசியில் மட்டும் வரும் ஒரு நீண்ட வால் எழுத்தில் முடிகின்றன, நேராகக் கீழே இறங்கும் ஒற்றைக் கோடு மாதிரி. அந்த வால் சொல்லின் இடது ஓரத்தில் இருந்தால் சரி. வலது ஓரத்தில் இருந்தால் வெட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். ஃபைலை எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்பினால் இந்தச் சிக்கலே வராது.

ஒரு வேண்டுகோள். பிரதான ஆசாரியனின் நெற்றிப் பட்டத்தில் 'கர்த்தருக்குப் பரிசுத்தம்' என்று வெட்டியிருந்தது, அதில் கடவுளின் நான்கெழுத்துப் பெயர் இருக்கிறது. அழகாக இருக்கிறதே என்று அதை மோதிரத்திலோ பதக்கத்திலோ வெட்டாதீர்கள். அந்தப் பெயர் எழுதிய பொருளை யூதர்கள் தூக்கி எறிய மாட்டார்கள், அழிக்க மாட்டார்கள், பழசானால் மரியாதையாக ஒதுக்கி வைத்துப் புதைப்பார்கள். நகை குளியலறைக்கும் போகும், அடகுக்கடைக்கும் போகும். கோத்திரப் பெயர்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

படி 6: கல் பதிப்பது

எல்லாப் பற்றவைப்பும், அமிலக் கழுவலும், உப்புத்தாள் தேய்ப்பும் முடிந்த பிறகே கற்கள் உள்ளே போக வேண்டும். லாபிஸும் டர்காய்ஸும் அமிலம் பட்டால் மங்கிவிடும். மரகதத்தை அல்ட்ராசோனிக் இயந்திரத்தில் போட்டால் உள்ளே இருக்கிற விரிசல் பெரிதாகும். கூட்டின் விளிம்பை எதிரெதிர்ப் பக்கமாக, மேல் கீழ், வலது இடது என்று கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி மடக்குங்கள். முதலில் கார்னீலியன், ஓனிக்ஸ், ஜாஸ்பர் போன்ற கடினமானவை, கை பழகியபின் லாபிஸ். லாபிஸின் கடினம் பத்துக்கு 5 சொச்சம்தான், எஃகு முனை வழுக்கினால் கீறல் விழும்.

படி 7: சங்கிலியும் நாடாவும்

கயிறு போல முறுக்கிய பொன் சங்கிலி என்று மூலம் சொல்கிறது. கண்ணிக்குள் கண்ணி நுழைக்கும் பழைய முறை இதற்குப் பொருத்தம்: 0.5 மி.மீ. கம்பியை 6 மி.மீ. கோலில் சுற்றி வளையங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் பற்றவைத்து, நீள்வட்டமாக இழுத்து, நடுவில் மடக்கி, அடுத்ததை அதன் இரண்டு காதுக்குள்ளும் நுழைத்துக்கொண்டே போவது. பொறுமை வேண்டும், ஆனால் முடித்ததும் கையில் பாம்பு மாதிரி வழுக்கி ஓடும்.

நாடாவுக்கு நீலம். தெகேலெத் என்ற அந்த நீலம் கடல் நத்தையிலிருந்து வந்தது. இஸ்ரேலின் ஷென்கர் கல்லூரியில் 1980களில் ஒட்டோ எல்ஸ்னர், நத்தைச் சாயக் கரைசலில் வெயில் பட்டால் ஊதா போய்ச் சுத்த நீலம் வருகிறது என்று கண்டுபிடித்தார். இன்று இஸ்ரேலில் அந்த நத்தைச் சாயமிட்ட கம்பளி நூல் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் அவுரிச் சாயமிட்ட பருத்தி நூல் போதும், நிறப்பொருள் இரண்டிலும் ஒன்றுதான்.

ஏபோத்தின் துணியில் பொன் இழை, நீலம், ஊதா, சிவப்பு, வெள்ளைச் சணல் (லினன்) ஐந்தும் இருந்தன. பொன்னைத் தகடாக அடித்து இழையாக வெட்டி நெய்தார்கள், நம்முடைய சரிகைதான். ஐந்து நிறத்திலும் நாடா பின்னலாம். ஆனால் யூதர் ஒருவருக்குப் பரிசாகக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் கம்பளியையும் சணலையும் ஒரே நாடாவில் சேர்க்காதீர்கள், அந்தக் கலப்பை உடுத்த அவர்களுக்குத் தடை உண்டு. ஆசாரிய உடைக்கு விலக்கு உண்டு. பட்டு அல்லது பருத்தியில் முடித்துவிடுங்கள்.

பதக்கம் பெரிய வேலை என்று தோன்றினால்

தோள் கற்களில் ஆரம்பிக்கலாம். ஏபோத்தின் இரண்டு தோளிலும் ஒவ்வொரு ஷோஹாம் கல் (யோசேப்புக்கு ஓனிக்ஸ் என்று எடுத்த அதே கல்), ஒவ்வொன்றிலும் ஆறு பெயர், தல்முத் கணக்குப்படி ஒரு கல்லுக்கு 25 எழுத்து. இரண்டு கறுப்பு ஓனிக்ஸ் தோடு, பின்பக்கத் தகட்டில் ஆறாறு பெயர், ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

இன்னொன்று மணியும் மாதுளையும். பிரதான ஆசாரியனின் மேலங்கி ஓரத்தில் நூல் மாதுளைகளும் பொன்மணிகளும் தொங்கின. 2011இல் எருசலேமில், ராபின்சன் வளைவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வடிகாலைத் தோண்டிய தொல்லியலாளர்கள் எலி ஷுக்ரோனும் ரோனி ரைக்கும் ஒரு சென்டிமீட்டர் அளவில் ஒரு பொன்மணியைக் கண்டெடுத்தார்கள். மேலே துணியில் தைக்க ஒரு வளையம். ஆட்டினால் இன்னும் ஒலித்தது. அது யாருடைய உடையிலிருந்து விழுந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் இரண்டாம் ஆலயக் காலத்தின் கடைசி நாட்களில் யாரோ அதைக் கிணுகிணுக்கப் போட்டு அந்தத் தெருவில் நடந்திருக்கிறார்கள். கொலுசு செய்பவர்களுக்கு அந்த அளவு மணி கைவந்த வேலை, நீல நூல் மாதுளையோடு மாற்றி மாற்றிக் கோத்தால் அருமையான கைச்சங்கிலி ஆகும்.

கடைசியாக, போட்டுப் பார்ப்பது

இரண்டு சங்கிலியையும் ஒரே நீளத்தில் வையுங்கள், ஒரு கண்ணி கூடினாலும் பதக்கம் சாயும். கீழ் வளையங்களில் நீல நாடாவைக் கோத்து, உடையின் உள்பக்கம் ஒரு சின்னக் கொக்கியில் மாட்டும்படி முடிச்சுப் போடுங்கள். மார்ப்பதக்கம் ஏபோத்தைவிட்டு நீங்காதபடி நீல நாடாவால் கட்ட வேண்டும் என்று 28ஆம் வசனம் சொல்வது இதைத்தான். கண்ணாடி முன் நின்று ஒரு முறை நன்றாகக் குனிந்து, கீழே விழுந்த எதையோ எடுப்பது போல எடுத்துப் பாருங்கள். பதக்கம் நெஞ்சைவிட்டு முன்னால் ஆடினால் முடிச்சைப் பிரித்து, நாடாவை அரை விரல் குறைத்து மறுபடியும் கட்டுங்கள்.